நானூற்றுப் பதின்மூன்றாவது பிராணி

தசைப்புரத ஒப்பீட்டு நிறுவனத்தில் வேலை நாள் என்பது காலை ஒன்பது மணிக்குக் கரைசல் வாங்குவதில் தொடங்கும். ஆய்வாளர்கள் ஆளுக்கொரு கண்ணாடிக் குடுவையை ஏந்திக்கொண்டு பதவி வரிசைப்படி நிற்பார்கள். எதிர்ச் சுவரில், தங்கச் சட்டத்துக்குள் பழுத்துப்போன ஒரு காகிதம் தொங்கும். இயக்குநர் இளைஞராக இருந்த காலத்தில் தன் கைப்பட எழுதிய, தசையை ஊறவைக்கும் கரைசலின் செய்முறை அது. மொத்தம் ஐந்து பொருட்கள். முதல் நான்கும் எந்த ஆய்வகத்திலும் கிடைக்கிற உப்புகள். ஐந்தாவதாக, "கடைசியில் வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை" என்று இருக்கும். என்ன பொடி என்று எழுதவில்லை. முப்பது ஆண்டுகளாக யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் பொதுவாக அங்கே ஓராண்டுக்கு மேல் தங்குவதில்லை.

அந்த நிறுவனம் என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் கையை மடக்குவதும், இதயம் அடிப்பதும், கொசு இறக்கை அடிப்பதும் தசைக்குள் இருக்கிற சில புரதங்களின் வேலை. ஒவ்வொரு புரதமும் நீளமாகக் கோத்த எழுத்துச் சரம் மாதிரி. இந்தப் புரதங்கள் எல்லாம் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக இருந்து, பிறகு இதயத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று என்று தனிக்குடித்தனம் போனவை. பிரிந்து நாளாக நாளாக எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறும். இரண்டு புரதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால், யார் உடன்பிறப்பு, யார் ஒன்றுவிட்ட பங்காளி என்று சொல்லிவிடலாம். அழகான வேலைதான். யார் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இயக்குநர் முப்பது ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த புரதம் மட்டும் மாறவில்லை. சுறாவில் இருந்ததுதான் தவளையில் இருந்தது. தவளையில் இருந்ததுதான் கோழியிலும் வண்டிலும் மண்புழுவிலும் இருந்தது, ஒரு எழுத்துகூடப் பிசகாமல். சாதாரண ஆளாக இருந்தால் சோதனைக் குழாயைச் சரியாகக் கழுவவில்லையோ என்று சந்தேகப்பட்டிருப்பார். இயக்குநர் அதற்கு மூலப்புரதம் என்று பெயர் வைத்தார். எல்லாத் தசைக்கும் மூதாதை, காலத்தால் தீண்டப்படாதது என்று அறிவித்தார். அதற்குப் பிறகு மூன்று மாடிக் கட்டடம் வந்தது. கூடத்தில் உலகப் படம் வந்தது. மூலப்புரதம் கண்டெடுக்கப்பட்ட ஒவ்வொரு பிராணிக்கும் அந்தப் படத்தில் தங்க முலாம் பூசிய ஒரு குண்டூசி குத்தப்படும். குண்டூசி ஒன்றுக்கு, குத்தியவருக்கு ஒரு பதவி உயர்வு. நம் கதை நடக்கும்போது நானூற்றுப் பன்னிரண்டு குண்டூசிகள் இருந்தன. தேடிய எந்தப் பிராணியிலும் மூலப்புரதம் கிடைக்காமல் போனதே இல்லை. இதுவும் பெருமையாகத்தான் பேசப்பட்டது.

நம் கதாநாயகியை அங்கே எல்லோரும் எட்டாம் வருஷம் என்று கூப்பிட்டார்கள். ஆராய்ச்சி மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமில்லை. வந்து சேர்ந்த புதிதில் முதல் வருஷமாக இருந்தவள், படிப்படியாக வளர்ந்து எட்டாம் வருஷம் ஆகியிருந்தாள். ஒன்பதாம் வருஷம் என்று ஒருவரும் இருக்க முடியாது. எட்டு முடிந்தால் பதிவு ரத்து, பட்டமும் கிடையாது. அவளுக்கு இன்னும் நாற்பது நாள்தான் பாக்கி இருந்தது.

ஆறு மணி நேர ரயில் தூரத்தில் அவளுடைய ஊர். அங்கே ஒரு லாரிப் பட்டறையில் அவள் கணவர் வெல்டர். ஐந்து வயதில் ஒரு மகள். மகளை வளர்ப்பது கணவரும் அவருடைய அக்காவும்தான். மாதத்தில் இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு, குழந்தை தூங்கும்போது கிளம்பி வந்துவிடுவாள். அந்த ஊர்ப் பெண்கள் கல்லூரியில் அவளுக்கு ஓர் ஆசிரியர் இடம் தயாராக இருந்தது. பட்டத்தோடு வந்தால் அவளுக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு என்று முதல்வர் எழுதியே கொடுத்திருந்தார். மகளுக்கு இதெல்லாம் புரியாது. போன் பேசும்போது ஒரே கேள்விதான் கேட்பாள். "இன்னும் எத்தனை மிருகம்மா பாக்கி?"

உண்மையில் எட்டாம் வருஷத்தின் ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி. கோழியின் இதயத் தசைப் புரதமும் அதே கோழியின் கால் தசைப் புரதமும் ஒரே உடம்பில் குடியிருந்தாலும், அவை பிரிந்தது கோழி என்று ஒன்று உலகத்தில் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு என்று அவள் நினைத்தாள். அப்படியென்றால் கோழியின் இதயப் புரதத்துக்கு நெருங்கிய சொந்தம் மீனின் இதயத்தில் இருக்க வேண்டும், சொந்தக் காலில் அல்ல. இதைக் காட்டத்தான் எட்டு வருஷமாகப் போராடினாள். எந்தத் தசையை எடுத்து, புரத எழுத்துகளைப் படிக்கிற இயந்திரத்தில் வைத்தாலும் மூலப்புரதம் முன்னால் வந்து நின்றுகொள்ளும். கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் குறுக்கே நிற்கிற ஆள் மாதிரி, அது பின்னால் இருக்கிற யாரையும் தெரியவிடாது.

அன்றைக்குக் காலையில் மகளுக்குக் காய்ச்சல் என்று கணவர் போன் செய்திருந்தார். அதே நினைப்பில் பன்னிரண்டு குழாய்களை எடுத்து வைத்தவள், பதினொன்றில் மட்டும் தசையைப் போட்டாள். பன்னிரண்டாவதில் கரைசலை ஊற்றினாள், தசையை மறந்துவிட்டாள். மாலையில் இயந்திரம் முடிவை அச்சடித்துத் தந்தது. பன்னிரண்டாம் குழாய்: மூலப்புரதம் உள்ளது. தூய்மை நூறு சதவீதம்.

நூறு சதவீதம் அந்த நிறுவனத்தில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. இயக்குநரின் புகழ்பெற்ற சுறாவுக்கே தொண்ணூற்று நான்குதான்.

அவள் குழாயைக் கழுவினாள். புதுக் குழாய் எடுத்தாள். வேண்டுமென்றே எதுவும் போடாமல் ஐந்து தடவை செய்து பார்த்தாள். ஐந்து தடவையும் நூறு. மறுநாள் சாயங்காலம் கணவரிடம் போனில் சொன்னபோது அவர் திருப்பிக் கேட்டார்.

"வெறும் குழாய்ல கறி இருக்குன்னு மெஷின் சொல்லுது. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"அப்போ கறி குழாய்ல இல்ல. நீங்க ஊத்துறதுல இருக்கு. இதுக்கு எதுக்கும்மா எட்டு வருஷம்?"

அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் இருந்தால் தெரிந்ததுகூடத் தெரியாத மாதிரி ஆகிவிடும். வெளி ஆள் ஒருவர் வாயால் கேட்டதும் கால் தரையில் பட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் வழிகாட்டியிடம் போனாள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்ட நியமிக்கப்பட்டவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கடைசியாக அவர் குத்திய குண்டூசிக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இணை இயக்குநர் நாற்காலியை அவர் தினமும் கடந்து போய்க்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தவரின் கண் நூறு என்ற எண்ணில் நின்றது. எந்தப் பிராணி என்று கேட்டார். எந்தப் பிராணியும் இல்லை, வெறும் குழாய் என்று அவள் விளக்கினாள். இரண்டு தடவை விளக்கினாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பட்டியல்ல இல்லாத பிராணின்னு சொல்லுங்க," என்றார். "அப்போ புதுசு. உயிரினச் சேர்க்கைக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டுடுவோம்."

கரைசலில்தான் கோளாறு என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். குழு கேட்கும்போது அதையும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் கதவைக் காட்டினார்.

உயிரினச் சேர்க்கைக் குழு ஏழு பேர் கொண்டது. அவர்கள் அவளை உட்காரச் சொல்லவில்லை. பிராணி எங்கே வாழ்கிறது என்று கேட்டார்கள். குழாய் வைக்கும் தாங்கியில் என்றாள். கண்ணாடியைச் சார்ந்து வாழ்வது என்று எழுதிக்கொண்டார்கள். ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். குழுவில் ஏழு பேரும் ஆண்கள் என்பதால் ஆண் என்று ஒருமனதாக முடிவானது. இது பிராணியே இல்லை ஐயா, ஒன்றுமே போடாத குழாய் என்று அவள் கடைசியாகச் சொன்னபோது, குழுத் தலைவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் முதலில் இப்படித்தான் தன்னடக்கமாகப் பேசுவார்கள் என்று மற்றவர்களுக்கு விளக்கினார். பிராணிக்கு வெற்றுயிரி என்று பெயர் சூட்டப்பட்டது.

அடுத்தது நெறிமுறைக் குழு. பிராணிகளை வதைக்காமல் ஆராய்ச்சி நடக்கிறதா என்று பார்க்கிற குழு அது. பதினெட்டுப் பக்கப் படிவம். எந்த மருந்து கொடுத்து மயக்கினீர்கள், கடைசியாக எப்போது தீனி வைத்தீர்கள், துடித்ததா என்றெல்லாம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்று எழுதிக் கொடுத்தாள். பொருந்தாது என்ற பதில் பொருந்தாது என்று படிவம் திரும்பி வந்தது. மயக்கவில்லை, தீனி வைக்கவில்லை, துடிக்கவில்லை என்று மாற்றி எழுதினாள். முப்பது ஆண்டு வரலாற்றில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் மாதிரி எடுத்த முதல் ஆய்வாளர் என்று அவளுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். பட்டினி போட்டதற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள்.

சடலம் அகற்றும் பிரிவு விடவில்லை. பிராணியைப் பதிவு செய்தால் உடலை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அவள் குழாயை ஒப்படைத்தாள். எடை போட்டார்கள். பதினோரு கிராம். 'உடல் மிகவும் மெலிந்த நிலையில் பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கட்டடத்தின் பின்பக்கம் சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள். நிறுவனத்தின் ஓவியர் வந்து அடையாளம் கேட்டார். உயரமாக, ஒல்லியாக, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்கும் என்று அவள் வெறுத்துப்போய்ச் சொன்னாள். அவர் அப்படியே வரைந்தார். கண் இல்லாத பிராணியைப் பார்த்தால் மக்கள் பயப்படுவார்கள் என்று இரண்டு கண்ணும், நிற்பதற்கு நான்கு காலும் வைத்தார். கூடத்தில் நானூற்றுப் பதின்மூன்றாவது குண்டூசி குத்தப்பட்டது. எந்த நாட்டில் குத்துவது என்று தெரியாததால் கடலில் குத்தினார்கள். வழிகாட்டி இணை இயக்குநர் ஆனார்.

இதற்குள் இருபத்தாறு நாள் போய்விட்டது. பாராட்டுக் கடிதமும் எச்சரிக்கைக் கடிதமும் இருந்தன, பட்டம் இல்லை. எட்டாம் வருஷம் நேராக ஸ்டோருக்குப் போனாள்.

ஸ்டோர்காரர் அந்தக் கட்டடத்தின் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பிருந்தே இயக்குநரிடம் இருக்கிறவர். எல்லோரும் அவரை ஸ்டோர் அண்ணன் என்பார்கள். வெள்ளைப் பொடி டப்பாவில் சீட்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. இது என்ன பொடி என்று அவள் கேட்டாள். அவர் பதிவேட்டை எடுக்கக்கூட இல்லை.

"எண்பத்தெட்டாம் நம்பர் சரக்கு. முயல் தசைப் புரதம், உலர் பொடி. வருஷா வருஷம் நான்தான் வரவழைக்கிறேன்."

எதற்கு முயல் என்று கேட்டாள். அவர் சாவகாசமாகச் சொன்னார். ஆரம்பத்தில் இயக்குநரிடம் இருந்த சுறாப் புரதம் கடுகளவுதான். அந்தக் கடுகளவும் குழாயின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வீணாகப் போனது. கண்ணாடியில் முதலில் வேறு ஏதாவது மலிவான புரதம் ஒட்டிக்கொள்ளட்டும், நம்முடையது மிஞ்சும் என்று முயல் பொடியைக் கலந்தார். நல்ல யோசனை. கலந்ததை மறந்துவிட்டார் என்பது மட்டும்தான் கோளாறு.

"இதை யார்கிட்டயும் சொல்லலையா அண்ணே?"

"யாரும் கேக்கலையேம்மா. கேக்குறதா இருந்தா எழுத்துல கேக்கணும், மூணு பிரதி." அவர் டப்பா மூடியைத் திருகி மூடினார். "நானூத்திப் பன்னிரண்டு மிருகத்துல முயல் ஒண்ணுதான் இல்ல, கவனிச்சியா? அதை மட்டும் யாரும் சோதிச்சதே இல்ல."

அன்றைக்கு அவள் பொடி சேர்க்காமல் தானே கரைசல் கலக்கினாள். சட்டத்துக்குள் இருந்த காகிதத்தில் நான்காவது வரியோடு நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். கோழி இதயம், கோழிக் கால், மீன் இதயம், மீனின் உடல் தசை, தவளை, நண்டு என்று பன்னிரண்டு குழாய். ஒன்று வெறும் குழாய். மறுநாள் முடிவு வந்தது. வெறும் குழாயில் ஒன்றுமில்லை. மூலப்புரதம் எதிலும் இல்லை. குறுக்கே நின்ற ஆள் விலகிப் போயிருந்தார். பின்னால் குடும்பம் முழுசாக நின்றுகொண்டிருந்தது. கோழி இதயத்துக்குப் பக்கத்தில் மீன் இதயம், அச்சு அசலாகச் சகோதரிகள் மாதிரி. கோழிக் காலுக்குப் பக்கத்தில் மீனின் உடல் தசை. நண்டு கொஞ்சம் தள்ளி, பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா வீடு மாதிரி. எல்லோருக்கும் பொதுவான மூதாதை இன்று எந்த உயிரிலும் இல்லை, எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். எட்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவள் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மத்தியானம்.

ஆறே நாளில் அதை ஐந்தாம் அத்தியாயமாக எழுதி, முயல் பொடி வாங்கிய ரசீதின் நகலையும் சேர்த்து இணை இயக்குநரிடம் கொடுத்தாள். அவர் அதைப் படித்த வேகத்தில் கதவைத் தாழிட்டார். பிறகு இயக்குநரிடம் போனார். நான்கு நாள் கழித்து, எல்லோரும் பெரிய கூடத்துக்கு வரவேண்டும் என்று அறிவிப்பு வந்தது.

இயக்குநர் மேடை ஏறினார். சாந்தமான மனிதர். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபப்படுவதற்கு ஆட்களை நியமித்திருந்தார்.

"நம்ம பொண்ணு ஒண்ணு, பொடி இல்லாம கரைசல் செஞ்சிருக்கு," என்று ஆரம்பித்தார். "பொடியை எடுத்தா மூலப்புரதம் காணாமப் போயிடுதாம். தண்ணியை எடுத்தா மீன்கூடத்தான் செத்துப் போகும். அதுக்காக மீனே பொய்யின்னு சொல்லுவோமா?"

முதல் மூன்று வரிசைகள் கைதட்டின. பதவி வரிசைப்படி உட்கார்ந்திருந்ததால் கைதட்டலும் அப்படித்தான் பின்னால் பரவியது.

"தப்பு நடந்திருக்குன்னு சொல்றாங்க. நடந்திருக்கலாம். தப்பு எல்லாருக்கும் வரும். ஆனா ஒரு தப்பு நானூத்திப் பன்னிரண்டு தடவை சரியா வந்தா, அது தப்பா இருக்க முடியாது. இந்தக் கூடத்துல இருக்கிற ஒவ்வொருத்தரும் அதுலதான் முன்னுக்கு வந்திருக்கீங்க. நீங்க எல்லாரும் தப்பா?"

யாரும் தங்களைத் தப்பு என்று நினைக்கவில்லை.

"வெறும் குழாய்லயும் மூலப்புரதம் இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்? பிராணியே இல்லாத இடத்துலயும் அது இருக்கு. அப்போ பிராணிகளுக்கு முன்னாலேயே இருந்திருக்கு. முப்பது வருஷமா நான் சொல்லிட்டு வர்றதை இந்தப் பொண்ணு நிரூபிச்சிருக்கு. அதுக்கே தெரியாம நிரூபிச்சிருக்கு. அதுதான் ஆராய்ச்சி. பொடி முயல்ல இருந்து வருதுன்னு ரசீது இருக்காம். ரொம்ப சந்தோஷம். முயல்லயும் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

அன்று சாயங்காலமே முயலுக்கு நானூற்றுப் பதினான்காவது குண்டூசி குத்தினார்கள். ரசீதைக் கண்டெடுத்தவர் என்ற முறையில் ஸ்டோர் அண்ணனுக்கு ஒரு பதவி உயர்வு கிடைத்தது. அவர் அதை எழுத்தில் மறுத்தார், மூன்று பிரதியில்.

பாக்கி மூன்று நாள். இணை இயக்குநர் அவளைக் கூப்பிட்டு ஆய்வேட்டை மேசைமேல் வைத்தார். அட்டை போட்டு, தலைப்பு அச்சடித்து, எல்லாம் தயாராக இருந்தது. 'வெற்றுயிரியில் மூலப்புரதம்' என்பது தலைப்பு. அத்தியாயங்கள் நான்குதான். கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி. இந்த ஆய்வின் முடிவுகள் அனைத்தும் மூலப்புரதத்தின் தொன்மைக்குச் சான்று என்றும், பொடி சேராத கரைசலில் பெற்ற முடிவுகள் அசுத்தமானவை என்றும், இதை நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன் என்றும் போட்டிருந்தது. கீழே ஒரு கோடு.

"கையெழுத்து போட்டா நாளைக்கே வாய்மொழித் தேர்வு," என்றார் அவர். குரலில் மிரட்டல் இல்லை. உண்மையிலேயே உதவி செய்வதாகத்தான் நினைத்தார். "உண்மை எங்கேயும் போயிடாதும்மா. உன் பதிவு ஞாயித்துக்கிழமை போயிடும்."

அவள் வெளியே வந்து வீட்டுக்குப் போன் செய்தாள். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உனக்கு எது சரின்னு படுதோ செய், இங்கே யாரும் எதுவும் சொல்லமாட்டோம் என்றார் அவர். அப்படிச் சொன்னது அவளுக்கு இன்னும் பாரமாக இருந்தது. மகள் போனை வாங்கினாள். மிருகங்களைப் பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை. அத்தை புதுத் துணி தைத்துக் கொடுத்ததையும், பல் ஒன்று ஆடுவதையும் சொன்னாள். அது விழும்போது அம்மா பக்கத்தில் இருப்பாளா என்று கேட்டாள்.

அவள் திரும்ப உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். எட்டாம் வருஷம் என்றே எழுதிவிடலாம் போல இருந்தது. முகம் கழுவும் இடத்துக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஐந்தாம் அத்தியாயத்தை ஒரு பழைய உறையில் போட்டு, பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். மறுநாள் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வெற்றுயிரி கூட்டமாக வாழுமா, தனியாக வாழுமா என்று. ஒரு பெட்டிக்கு ஐம்பது வரை இருக்கும் என்றாள். சிறப்புத் தகுதியோடு தேர்ச்சி.

பல் விழும்போது அவள் பக்கத்தில்தான் இருந்தாள்.

மூன்று வருஷம் நன்றாகப் போயிற்று. கல்லூரியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். செய்முறை வகுப்பில் மாணவிகளுக்கு அவள் முதலில் கற்றுக்கொடுத்தது, வரிசையில் எப்போதும் ஒரு வெறும் குழாய் வை என்பதைத்தான். ஏன் என்று கேட்டால், ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பாள். பாடத்திட்டத்தில் மூலப்புரதம் வரும் பக்கத்தை வேகமாகக் கடந்துவிடுவாள். பள்ளி, கல்லூரி இரண்டுக்குமான பாடத்திட்டக் குழுவுக்குத் தலைவர் இயக்குநர்தான். புத்தகத்தில் போட்டிருக்கு என்று மட்டும் சொல்வாள்.

ஒரு நாள் மகள் புதுப் பாடப்புத்தகத்தோடு வந்து அவள் மடியில் உட்கார்ந்தாள். மூன்றாம் வகுப்பு அறிவியல். உயிர்களின் உறவு என்று ஒரு பாடம். பக்கம் முழுக்க வண்ணப் படங்கள். சுறா, தவளை, கோழி, வண்டு. வலது மூலையில் உயரமாக, ஒல்லியாக, இரண்டு கண்ணும் நான்கு காலும் வைத்து, சிரித்துக்கொண்டு வெற்றுயிரி.

"அம்மா, இது என்ன சாப்பிடும்?"

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொய் கட்டடத்தோடு போய்விடும், தன் வீட்டு வாசலுக்கு வராது என்று எப்படியோ நம்பியிருந்தாள். இப்போது அது அவள் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இது மிருகம் இல்லடி. அம்மா ஒரு நாள் ஒண்ணும் போட மறந்துபோன கண்ணாடிக் குழாய்," என்றாள். பிறகு முழுக்கச் சொன்னாள். காய்ச்சல், மறதி, முயல் பொடி, குண்டூசி, கையெழுத்து எல்லாம்.

மகள் கவனமாகக் கேட்டாள். "அப்போ இது பொய்யின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் கையெழுத்து போட்டியா?"

"போட்டேன்."

அதற்கு மேல் மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உனக்காகத்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும், நல்லவேளை கேட்கவில்லை. மடியிலிருந்து இறங்கிப் பென்சிலைத் தேடி எடுத்தாள். குப்புறப் படுத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, வெற்றுயிரியின் தலையில் இரண்டு நீளமான காதுகளை வரைந்தாள். நன்றாகவே வரைந்தாள்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. பாடப்புத்தகப் படத்தைச் சேதப்படுத்தி, மூலப்புரதத்தைப் பற்றி வகுப்பில் தவறான கருத்துகளைப் பரப்பியதற்கு, பெற்றோர் கீழ்க்கண்டவாறு வருத்தம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். கீழே ஒரு கோடு. அதே மாதிரிக் கோடு.

கணவர் தாளைப் படித்துவிட்டு, பாடத்திட்டக் குழுவுக்கு இது போகுமே, கல்லூரி வேலைக்கு ஆபத்து வருமே என்று கேட்டார்.

"வரட்டுங்க," என்றாள். "ஊருக்குத்தான் வந்து சேர்ந்துட்டேனே."

பெட்டியை இழுத்து, துணிகளுக்குக் கீழே இருந்த உறையை எடுத்தாள். ஐந்தாம் அத்தியாயம் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. அதைத் தாளோடு சேர்த்து ஊசி குத்தினாள். அச்சடித்திருந்த வருத்தத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே எழுதினாள்: 'படம் முன்பு தவறாக இருந்தது. என் மகள் திருத்தியிருக்கிறாள். சான்று இணைப்பில்.' பிறகு கீழே இருந்த கோட்டில் தன் முழுப் பெயரை, மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் எழுதினாள்.